ரிலீஸ் ஆகிறது, அறிவிப்பு மட்டும் போகவில்லையே?

பினாங்கு, பாயான் லெப்பாசில் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: பழைய தமிழ் எழுத்துருவில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறு செயலியைத் திறமூலமாக வெளியிட்டு வருகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் பயன்படுத்துகிறார்கள். புதிய பதிப்பு வந்ததும் டெலிகிராம், மாஸ்டடான், புளூஸ்கை மூன்றிலும் அறிவிப்பு போக, கிட்ஹப் தளத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஆக்ஷன்ஸ் வசதியில் எழுதினேன். கையால் ரிலீஸ் போட்டால் போகிறது. டேக் (பதிப்பின் பெயர்க் குறி) போட்டு, ரிலீஸ் தானாக உருவானால் ஒன்றுமே நடப்பதில்லை. புளூஸ்கையில் இணைப்பு வேறு சொல்லின் மேல் போய் நிற்கிறது. புலனம் (வாட்ஸ்அப்) குழுவுக்கும் அனுப்ப முடியுமா?

முதல் சிக்கலுக்கு உங்கள் கோப்பில் பிழை தேடாதீர்கள். ஆக்ஷன்ஸ் தானே தரும் கிட்ஹப் டோக்கனை (அனுமதிச் சாவியை) கொண்டு ஒரு பணியோட்டம், அதாவது தானாக ஓடும் வேலைத் தொகுப்பு, ரிலீஸ் உருவாக்கினால், அது இன்னொரு பணியோட்டத்தைக் கிளப்பாது. ஒன்றையொன்று கிளப்பி முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்று கிட்ஹப் வேண்டுமென்றே போட்ட தடை அது. உங்கள் சொந்த டோக்கனைக் கொடுத்துத் தாண்டலாம்தான். ஆனால் ஓர் அறிவிப்புக்காக அவ்வளவு அதிகாரத்தைத் திறந்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அறிவிப்பை அதே பணியோட்டத்தில் அடுத்த ஜாப்பாக (தனி வேலையாக) சேர்த்து, எது முடிந்த பின் ஓட வேண்டும் என்று சொல்லும் 'நீட்ஸ்' வரியால் ரிலீஸ் ஜாப்போடு கட்டிவிடுங்கள். போதும்.

கூடவே ஒரு நிபந்தனை: டேக் பெயரில் பீட்டா, ஆர்சி என்று சோதனைப் பதிப்புக்கான குறி இருந்தால் அறிவிப்பு ஜாப் ஓடக் கூடாது. இதை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். அரைகுறைப் பதிப்பை ஆசிரியர் ஒருவர் தேர்வு வாரத்தில் நிறுவிவிட்டார். அன்றிரவு அவருடன் தொலைபேசியில் உட்கார்ந்து பழையதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

சரி, புளூஸ்கை. அங்கே வெறும் முகவரியை அனுப்பினால் இணைப்பாகாது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை இணைப்பு என்று நீங்களே சொல்ல வேண்டும். அந்த இடத்தை எழுத்தில் எண்ணக் கூடாது, எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டில் எண்ண வேண்டும். 'புதிய' என்ற சொல்லைப் பாருங்கள். நம் கண்ணுக்கு 3 எழுத்து. பைத்தான் நிரல்மொழியில் நீளம் கேட்டால் ப, உகரக் குறி, த, இகரக் குறி, ய என்று 5 வரும். பைட்டிலோ 15, ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றாகவே இருப்பதால் அங்கே சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. முகவரிக்கு முன்னால் உள்ள வாசகத்தை யூடிஎஃப்-8 ஆக மாற்றி, அதன் நீளத்தைத் தொடக்கமாகக் கொடுங்கள். நல்லவேளையாக, 300 என்ற புளூஸ்கையின் வரம்பு கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்குதான்.

மூன்று தளத்துக்கும் மூன்று தனி ஜாப் வையுங்கள். ஒன்று தவறினால் அதை மட்டும் மறுபடி ஓட்டலாம், மற்ற இரண்டில் அறிவிப்பு இரட்டிக்காது. மாஸ்டடான் டோக்கனுக்குப் பதிவு எழுதும் உரிமை மட்டும் போதும். புளூஸ்கைக்கு ஆப் பாஸ்வேர்ட் (செயலிகளுக்கான தனிக் கடவுச்சொல்) எடுங்கள். எல்லாம் கிட்ஹப்பில் ரகசியங்களை வைக்கும் சீக்ரெட்ஸில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. கமிட் (நிரல் மாற்றக் குறிப்பு) பட்டியலை அப்படியே அறிவிப்பாக அனுப்பாதீர்கள். ஆசிரியருக்கு வேண்டியது, "கொம்பு இடம் மாறி வந்த பிழை சரியாகிவிட்டது" என்ற ஒரு வரி. அதை ஒவ்வொரு பதிப்புக்கும் நீங்களே ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். கோப்பு இல்லாவிட்டால் ஜாப் நின்றுவிடட்டும். உங்கள் நிரல் எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இருந்தால், கிட்ஹப்பின் 'என்விரான்மென்ட்' அமைப்பில், அறிவிப்பு போகும் முன் உங்கள் ஒப்புதலையும் இலவசமாகக் கேட்க வைக்கலாம். நள்ளிரவில் ரிலீஸ் போட்டுவிட்டு, காலையில் வாசகத்தை ஒருமுறை படித்துப் பார்த்து ஒப்புதல் அழுத்துங்கள்.

அப்புறம் புலனம். சொந்த எண்ணை அதிகாரபூர்வமற்ற நிரல்களோடு இணைத்தால் எண் முடக்கப்படலாம். உங்கள் குடும்பமும் வேலையும் அந்த எண்ணில்தானே இருக்கின்றன? டெலிகிராமில் வந்த செய்தியை நகலெடுத்து, குழுவில் கையாலேயே ஒட்டுங்கள்.