படை பெருகியும் தோற்பது ஏன்? டர்ன் பேஸ்டு விளையாட்டுகளில் எதை, எப்போது அப்கிரேடு செய்ய வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஆளுக்கொரு முறையாக மாறி மாறி ஆடும் (டர்ன் பேஸ்டு) சிவிலைசேஷன் 6 விளையாட்டை கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துடன் ஆடுகிறீர்கள், ஆறு வாரியர்கள் (தொடக்கநிலைப் போர்வீரர்கள்), மூன்று ஆர்ச்சர்கள் (வில்வீரர்கள்), ஒரே ஓர் இரும்புச் சுரங்கம், கையில் 400 தங்கம் இருக்கின்றன, தங்கம் சேர்ந்தவுடன் கண்ணில் படும் படைப்பிரிவை அப்கிரேடு செய்து மேம்பட்ட பிரிவாக்கிவிடுகிறீர்கள், ஆனாலும் பக்கத்து நாட்டுக்காரனிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறீர்கள். இதே தவற்றை நான் வேறொரு விளையாட்டில் செய்து, அதிலிருந்து மீளப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டவன் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் வேலூர்ப் பக்கத்துக் குடியாத்தம். கல்லூரிக் காலத்தில் வீட்டிலிருந்த பழைய கணினியில் பெரிய விளையாட்டுகள் எதுவும் ஓடாது என்பதால், 2003-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்து வரும் பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற விளையாட்டையே இரவெல்லாம் ஆடுவேன். அதில் ஒரு கட்டத்தில் உயிர் பிழைத்த வீரர்களை அடுத்த கட்டத்தில் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். புதிதாக ஓர் எல்விஷ் ஃபைட்டரை, அதாவது முதல் லெவல் வீரரை, சேர்க்க 14 தங்கம் ஆகும். பழைய வீரர் ஒருவரைத் திரும்ப அழைக்க, அவர் எந்த லெவலில் இருந்தாலும் 20 தங்கம்தான். கூடுதலாக ஆறே தங்கத்தில் மூன்றாம் லெவல் வீரர் கிடைக்கிறாரே, பிறகு எதற்குக் கற்றுக்குட்டிகளைச் சேர்க்க வேண்டும் என்று எண்ணி, ஒரு கட்டத்தின் தொடக்கத்தில் இருந்த 180 தங்கத்தில் 140-ஐக் கொட்டி, மூன்றாம் லெவல் வீரர்கள் நால்வரையும் இரண்டாம் லெவல் வீரர்கள் மூவரையும் ஒரே மூச்சில் அழைத்துவிட்டேன்.

நான் கவனிக்காமல் விட்டது பராமரிப்புச் செலவை. வெஸ்நாத்தில் ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய லெவல் எவ்வளவோ அவ்வளவு தங்கம் ஒவ்வொரு முறையும், அதாவது நம் டர்ன் வரும்போதெல்லாம், செலவாகும். நம் வசமுள்ள ஒவ்வொரு கிராமமும் அதில் ஒரு லெவலுக்கான செலவை ஏற்றுக்கொள்ளும். மீதியை நம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். என் ஏழு வீரர்களின் லெவல்களைக் கூட்டினால் 18 வருகிறது. கிராமங்கள் எதுவும் கைக்கு வராத நிலையில், அடிப்படை வருமானமான 2 தங்கம் போக, முறைக்கு 16 தங்கம் கரைந்தது. மூன்றாவது முறை முடிவதற்குள் கஜானா துடைத்துவைத்தது போல் ஆயிற்று. அந்த நேரம் பார்த்துப் பொழுது சாய்ந்தது. எதிரிகளான ஆர்க் படைக்கு இரவில் தாக்கும் வலிமை 25 சதவீதம் கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முன்வரிசையில் நின்ற மூன்றாம் லெவல் வீரர்கள் இருவர் விழுந்தார்கள். அந்த இடத்தை அடைக்க 14 தங்கத்துக்கு ஒரு கற்றுக்குட்டியைச் சேர்க்கக்கூட என்னிடம் காசு இல்லை.

அது மே மாதம். வெயிலில் காய்ந்த ஓட்டு வீடு இரவு பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருந்தது. திண்ணையில் சித்தி தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருக்க, கைலித் தறி வைத்திருந்த சித்தப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்துவிட்டு, என்னடா முகம் வாடிக் கிடக்கிறது என்று கேட்டார். நான் விளக்கியதும், "நூலு எட்டு தறிக்குத்தான் கீதுன்னா பத்து தறி எதுக்குடா போட்ட? சும்மா நின்னாலும் ஆளுக்குக் கூலி குடுக்கணும் இல்ல?" என்றார். அவர் வாழ்நாளில் ஒரு கணினி விளையாட்டையும் ஆடியவர் அல்லர். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த விளையாட்டை எடுத்தாலும், படையின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் ஒரு முறைக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்ற இரண்டு எண்களையே நான் முதலில் பார்க்கிறேன். தரம் உயர்ந்த வீரருக்குச் சாப்பாட்டுச் செலவும் உயரும் என்ற விதி, ஏதேனும் ஒரு வடிவத்தில், இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் உண்டு.

அப்படியானால் அனுபவமுள்ளவர்களை அழைக்கவே கூடாதா என்றால், அழைக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு மூன்று பேர் போதும். அவர்களைச் சுற்றி முதல் லெவல் ஆட்களை நிறுத்த வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எல்விஷ் கேப்டனுக்குத் தலைமைத் திறன் உண்டு. தன்னை ஒட்டி நிற்கும் தாழ்ந்த லெவல் வீரர்களின் தாக்குதலை, லெவல் வித்தியாசம் ஒன்றுக்கு 25 சதவீதம் என்ற கணக்கில் அவர் கூட்டுவார். எல்லோரும் ஒரே லெவலில் இருந்தால் அந்தத் திறன் அப்படியே வீணாகிவிடும்.

அடுத்தது அனுபவப் புள்ளிகளைப் பங்கிடுவது. என் கணிப்பில் படை நிர்வாகத்தின் உயிர்நாடி இதுதான், ஆனால் பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்து போவதும் இதைத்தான். வெஸ்நாத்தில் ஒரு பகைவனோடு மோதினால் அவன் லெவல் அளவுக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். அவனை வீழ்த்தினால் அவன் லெவலை எட்டால் பெருக்கிய அளவு கிடைக்கும். ஒரே அடிதான், ஆனால் அது கடைசி அடியா என்பதைப் பொறுத்து வரவு எட்டு மடங்கு மாறுகிறது. ஆகவே பலசாலியை விட்டுப் பகைவனைத் தளர்த்திவிட்டு, லெவல் உயரப் போகும் வீரருக்குக் கடைசி அடியை விட்டுக்கொடுக்க வேண்டும். மருத்துவம் பார்க்கும் எல்விஷ் ஷாமனை வளர்ப்பது இதனால்தான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. அவளுடைய தாக்குதல் அவ்வளவு மெலிது. நான் ஒருமுறை, ஒரு சொட்டு உயிரோடு நின்ற ஆர்க் ஒருவனைச் சுற்றி மூன்று ஆட்களைச் சும்மா நிறுத்தி வைத்துக்கொண்டு, ஷாமன் அவனை அடிக்கட்டும் என்று இரண்டு முறைகள் காத்திருந்தேன். அவள் அந்த வெற்றியோடு அடுத்த லெவலான ட்ரூயிடாக உயர்ந்த பிறகு, முறைக்கு 4 புள்ளியாக இருந்த சிகிச்சை 8 ஆயிற்று. அந்தப் போர்த்தொடர் முழுவதும் என் படையைத் தாங்கியவள் அவள்தான். லெவல் உயரும் அதே நொடியில் காயம் முழுவதும் ஆறிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். குற்றுயிராக நிற்கும் வீரருக்கு லெவல் உயர ஒரு கொலைதான் பாக்கி என்றால், அவரைப் பின்வாங்கச் செய்வதைவிட அந்தக் கொலையைக் கொடுப்பதே பல நேரங்களில் சிறந்த மருந்து.

இனி உங்கள் விளையாட்டுக்கு வருகிறேன். சிவிலைசேஷன் 6-இல் ஒவ்வொரு பிரிவுக்கும் உயிர்ப்புள்ளி 100. இரு தரப்பின் வலிமையும் சமமாக இருந்தால் ஒரு மோதலில் இருவருக்கும் சராசரியாக 30 புள்ளிகள் குறையும். வலிமையில் 10 புள்ளி கூடுதலாக இருப்பவர் ஏறத்தாழ 45 புள்ளிச் சேதம் செய்து, தான் 20 மட்டும் இழப்பார். வித்தியாசம் 20 ஆனால் அது 67-க்கு 13. 30 ஆகிவிட்டால் ஒரே அடியில் பெரும்பாலும் எதிரி காலி. வித்தியாசம் ஏற ஏறப் பலன் பன்மடங்காகப் பெருகுகிறது என்பதைக் கவனியுங்கள். இன்று ஒன்று, ஐந்து முறை கழித்து ஒன்று என்று சில்லறையாக அப்கிரேடு செய்யும்போது, உயர்ந்த ஒரே பிரிவை எதிரி நான்கு பேராகச் சூழ்ந்து தேய்த்துவிடுகிறான். மீதமுள்ள பழைய பிரிவுகள் சமபலத்தில் மோதி மடிகின்றன. செலவு அதேதான், அதை ஒரே முறையில் செய்திருந்தால் போரின் முகமே மாறியிருக்கும்.

இதற்கு நான் வழக்கமாகக் கையாளும் முறை ஒன்று இருக்கிறது. ஹெவி சாரியட் என்ற போர்த்தேரின் வலிமை 28; அதற்கு இரும்பு வேண்டாம். ஸ்டிரப்ஸ் தொழில்நுட்பம் வந்ததும் அதை நைட் என்ற கவசக் குதிரைவீரனாக உயர்த்தலாம். வலிமை ஐம்பதை ஒட்டிப் போய்விடும். ஆகவே அந்தத் தொழில்நுட்பத்துக்கு முன்பாகவே ஐந்து சாரியட்களைக் கட்டி எல்லைக்குள் நிறுத்திவிட்டு, வேறெதற்கும் செலவழிக்காமல் தங்கத்தைச் சேர்ப்பேன். மெர்சினரீஸ் குடிமை நுட்பத்தோடு புரொஃபஷனல் ஆர்மி என்ற கொள்கை அட்டை வரும்; அதைச் செருகினால் அப்கிரேடுக்கான தங்கமும் இரும்பும் பாதியாகக் குறையும். ஸ்டிரப்ஸ் முடிந்த அதே முறையில் ஐந்தையும் உயர்த்திவிட்டு, அடுத்த முறை எல்லையைத் தாண்டுவேன். அப்கிரேடு செய்த பிரிவால் அந்த முறையில் நகர முடியாது, அப்கிரேடையும் சொந்த எல்லைக்குள் வைத்துத்தான் செய்ய முடியும் என்பதால், எதிரி மண்ணில் நுழைந்த பிறகு இதை நினைத்துப் பயனில்லை. எதிரியின் களப்படையை நைட்கள் அழிக்கும். மதில் சூழ்ந்த நகரத்துக்கு அவை லாயக்கில்லை, அதற்குக் கல்லெறியும் கேட்டபல்ட் வேண்டும்.

சண்டை அனுபவத்தால் ஒரு பிரிவுக்குக் கிடைக்கும் பிரமோஷனைப் பற்றியும் ஒரு சொல். பிரமோஷன் கொடுத்தால் அந்தப் பிரிவின் உயிர்ப்புள்ளி 50 வரை ஏறும், ஆனால் அதன் முறை அத்தோடு முடிந்துவிடும். கிடைத்தவுடன் கொடுக்கத் துடிக்காமல், அடிபட்டுப் பாதியாகும்வரை அதைக் கையில் வைத்திருப்பது என் வழக்கம். காயம் பட்ட பிரிவின் வலிமையும் பத்துப் புள்ளிவரை குறையும் என்பதால், அடிபட்டவனை முன்வரிசையில் வைத்திருப்பது இரட்டை நஷ்டம். எதிரி நிலத்தில் முறைக்கு 5 புள்ளிதான் ஆறும். சொந்த நகருக்குள் 20. பெற்ற பிரமோஷன்கள் அப்கிரேடுக்குப் பிறகும் அப்படியே கூட வரும் என்பதால், இரண்டு பிரமோஷன் வாங்கிய ஆர்ச்சர் ஒருவர் சாவது ஓர் ஆர்ச்சர் சாவதற்குச் சமமில்லை. அப்கிரேடில் அவர் ஆகப்போகும் நாளைய கிராஸ்போமேனும் அவரோடு சேர்ந்து செத்துவிடுகிறார்.

வலிமைக்காக மட்டும்தான் அப்கிரேடு என்றும் நினைத்துவிடாதீர்கள். 1999-இல் வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3-இல் ஒரு நாயகன் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை அவன் படையிலேயே மிக மெதுவான பிரிவுதான் தீர்மானிக்கும். குள்ளர்களின் வேகம் 3. தலைக்கு 30 தங்கம் கொடுத்து பேட்டில் ட்வார்ஃப்களாக உயர்த்தினால் வேகம் 5 ஆகும். குள்ளர்கள் எவ்வளவு பலமாக அடிக்கிறார்கள் என்பதைவிட, மொத்தப் படையும் முன்னதாகப் போய்ச் சேர்வதே அந்தக் காசுக்குக் கிடைத்த பலன்.

எல்லாவற்றையும் எல்லையிலேயே குவிப்பதும் ஆபத்து. இதற்கு வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் வேலூர்க் கோட்டையைச் சிப்பாய்கள் கைப்பற்றினார்கள். ஆனால் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் ஆங்கிலேயரின் குதிரைப்படை நின்றிருந்தது. அதன் தளபதி கில்லெஸ்பி அதை ஓட்டிக்கொண்டு அன்று காலையிலேயே வந்து கோட்டையை மீட்டுவிட்டார். சிப்பாய்களின் பக்கமே நம் மனம் நின்றாலும், விளையாட்டில் நமக்கு உதவுவது ஆற்காட்டுக் குதிரைகள்தான். இரண்டு நகரங்களுக்கு நடுவே, எந்தப் பக்கமும் இரண்டு முறைகளில் போய்ச் சேரும் தூரத்தில், வேகமான ஒரு பிரிவைச் சும்மா நிறுத்தி வையுங்கள். அது சும்மா இருப்பது போல் தெரியும், கூலியும் கேட்கும். இந்த ஒரு கூலியைச் சித்தப்பாவும் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

உங்கள் 400 தங்கத்துக்கு என் யோசனை இது. மெர்சினரீஸ் கைக்கு வரும்வரை அதில் ஒரு காசையும் தொடாதீர்கள். ஒரு சுரங்கத்திலிருந்து முறைக்கு 2 இரும்பு வரும். கிடங்கின் தொடக்கக் கொள்ளளவு 50. ஒரு வாரியரை வாள்வீரரான ஸ்வார்ட்ஸ்மேனாக்க 20 இரும்பு ஆகும். அட்டை செருகினால் 10 போதும். ஆகவே கிடங்கில் 40 சேர்ந்ததும் நான்கு வாரியர்களை ஒரே முறையில் உயர்த்துங்கள். மீதி இருவர் நகரக் காவலுக்கு வாரியர்களாகவே இருக்கட்டும், அவர்களுக்குச் செலவு செய்ய வேண்டாம். ஆர்ச்சர்களுக்கு இரும்பு தேவையில்லை என்பதால், மெஷினரி தொழில்நுட்பம் முடிந்ததும் பிரமோஷன் பெற்ற இருவரை முதலிலும் மூன்றாமவரைத் தங்கம் மிஞ்சினால் மட்டுமே பிறகும் உயர்த்துங்கள். பக்கத்து நாட்டின் நகரத்தைச் சுற்றிப் பழங்காலத்து மதில்தான் இருக்கிறது என்றால், ஸ்வார்ட்ஸ்மேன்களோடு, மதிலை இடிக்க உதவும் ஒரு பேட்டரிங் ராமையும் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். அது இல்லாமல் போனால் நான்கு ஸ்வார்ட்ஸ்மேன்களும் மதிலில் தலையை முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.