கணக்கில் 28, ஜீப் ஏறலாமா?

அண்ணா, வணக்கம். பெயர் போட வேண்டாம். அப்பா, அம்மா கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை, லயத்தில்தான் வீடு. ஏழாவது வரை அங்கே அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தேன். எட்டாவதிலிருந்து தேனி மாவட்டம் கூடலூரில் அம்மாச்சி வீட்டில் தங்கி இங்கே அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் ஃபெயில், 28. மற்றதெல்லாம் ஐம்பதுக்கு மேல். ரிசல்ட் வந்ததிலிருந்து வெளியே போகவில்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. மாமா, "ஒரு வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறு, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்கிறார். மறுமதிப்பீடு போட்டால் பாஸ் ஆகுமா? அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு எனக்குக் கிடைக்குமா?

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது அந்த "அடுத்த வருஷம்"தான். எதற்கு அடுத்த வருஷம்? துணைத்தேர்வு ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் வந்துவிடும். லயத்தில் உன்னோடு ஓடித்திரிந்து அங்கேயே பிளஸ் டூ படித்தவர்கள் 'சே பரீட்சை' எழுதுவார்களே, அதே சங்கதிதான். கணக்கு ஒன்றை மட்டும் எழுதினால் போதும், பாஸான பாடங்கள் அப்படியே நிற்கும். தேறினால் இந்த வருஷமே மேலே சேரலாம்.

நான் கம்பத்துக்காரன். விடியுமுன்னே தூக்குவாளியும் பிளாஸ்டிக் தாளுமாக ஜீப்புக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவன், அந்த வேலையைக் குறைத்துப் பேச மாட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்). ஆனால் இருட்டோடு ஏறி, இடித்துப் பிடித்து உட்கார்ந்து, குமுளி மலை வளைவெல்லாம் ஏறி, நாள் முழுக்க ஈரத்தில் நின்று, பொழுது சாய்ந்து வந்து இறங்குகிற ஆள் ராத்திரி உட்கார்ந்து கலப்பெண் கணக்குப் போடுவான் என்று மாமா நம்பினால், பாவம், அவர் நல்ல மனுஷர். கையில் கூலி விழ ஆரம்பித்தால் புத்தகம் பரணுக்குத்தான் போகும். காய் எடுப்பு ஆவணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும், பரீட்சை எழுதிவிட்டுப் போனாலும் வேலை எங்கேயும் ஓடிவிடாது என்று அவரிடம் சொல்.

மறுமதிப்பீடு. உனக்கு அகமதிப்பீடு 10ம் முழுசாகப் போட்டிருந்தால் எழுத்துத் தேர்வில் 90க்கு 18 எடுத்திருக்கிறாய். பாஸாக அதில் 25 வேண்டும். ஏழு மார்க் சும்மா கூடிவிடாது தம்பி. முதலில் விடைத்தாள் நகல் வாங்கு, அதை வாங்கினவர்கள்தான் மறுமதிப்பீடு கேட்கவே முடியும். திருத்தாமல் விட்ட பக்கம், கூட்டல் பிழை என்று ஏதாவது கண்ணில் பட்டால் போடு. எதற்கும் போட்டு வைப்போம் என்று போடாதே, மார்க் குறையவும் கூடும். அதைவிட முக்கியம், அந்த முடிவுக்காகக் காத்திருந்து துணைத்தேர்வுக்குப் பதியாமல் விட்டுவிடாதே. உன் பள்ளியிலேயே பதியலாம். ஆனால் அவகாசம் கொஞ்ச நாள்தான் தருவார்கள், வெட்கப்பட்டு வீட்டுக்குள் படுத்திருக்கிற பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான்.

அந்த 25ஐ எங்கே எடுப்பது? வினாத்தாளில் ஒரு மார்க் கேள்வி மட்டும் 20. நிறைய, புத்தகத்தில் பாட முடிவில் இருப்பவையே. அதில் 15 வந்தால் பாக்கி பத்துத்தான், இரண்டு ஐந்து மார்க் கேள்வி. கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதத்தில் மெய்மை அட்டவணை போடப் பழகு, முதல் பாடம் அணிகளைப் பார். தொகை நுண்கணிதம் பக்கமே இப்போது போகாதே.

7.5 சதவீதம் கிடைக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி, உனக்கு ஆறும் ஏழும் மலைக்கு அந்தப் பக்கம். அங்கேயும் அரசுப் பள்ளிதான், படித்ததும் தமிழில்தான், என்ன செய்ய, எல்லைக்கோடு போட்டவர்கள் லயத்தைப் பார்த்தா போட்டார்கள்! அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் இதே சிக்கல் வரும். யாராவது வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுத்துவிடாதே. எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்ததால் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று கேட்டு அலைய வேண்டியதில்லை, அதுவரைக்கும் லாபம்.

துணைத்தேர்வில் தேறுகிறவர்களுக்கென்று பொறியியலில் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. என்னைக் கேட்டால் பாலிடெக்னிக். பிளஸ் டூ பாஸ் என்றால் நேராக இரண்டாம் வருஷம். கணக்கு மறுபடி காலை வாரினாலும் பத்தாவது மார்க்கை வைத்து முதல் வருஷத்தில் சேரலாம். டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருஷத்துக்குப் போகிற வழியும் உண்டு. கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போகிற பேச்சே வேண்டாம்.

தூக்கம் இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். அது நீடித்தாலோ, வேண்டாத நினைப்பு எதுவும் வந்தாலோ அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு, ராத்திரியானாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அப்புறம், கடிதத்தில் மாமா பேசுகிறார், அப்பா ஒரு வார்த்தை பேசக் காணோம். அவருக்கு இன்னும் சொல்லவில்லையோ? மாமா வாயால் சேதி மலை ஏறுவதற்குள் நீயே போன் போட்டுச் சொல்லிவிடு.

நாளைக்கே பள்ளிக்கூடம் போ. நகல் வந்ததும் எனக்கு அனுப்பு. எனக்குக் கணக்கு சுத்தமாக மறந்துபோச்சு, இங்கே ஒரு வாத்தியாரைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.