ரியல் எஸ்டேட் ஏஜென்ட் பிளாக் எழுதினால் ஆள் வருமா? கூகுளில் மேலே வர நேர்மையான வழி உண்டா?

கேட்டவர் தாம்பரம் பக்கம் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிறார். மாதம் எட்டாயிரம் கொடுத்தால் ஆறு மாதத்தில் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்கிறாராம், கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் வட்டாரத்தில் பதினான்கு வருடமாக மனை, வீடு வாங்கிக் கொடுப்பதும் விற்றுக் கொடுப்பதும்தான் எனக்குத் தொழில். 2018-ல் பிளாக் தொடங்கினேன். தொடங்கிய சூட்டில் எனக்கும் இதே மாதிரி ஒருவர் வாய்த்தார். சுற்றுவட்டாரத்தில் நாற்பது ஊரைப் பட்டியல் போட்டு, ஒரே கட்டுரையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பக்கம் ஏற்றினார். ஆதனூரில் மனை வாங்க, மண்ணிவாக்கத்தில் மனை வாங்க, காரணைப்புதுச்சேரியில் மனை வாங்க என்று போய்க்கொண்டே இருக்கும். அப்புறம், மற்ற தளங்கள் லிங்க் கொடுத்தால் கூகுள் மேலே வைக்கும் என்று, எங்கெங்கோ இருக்கிற தளங்களில் காசு கொடுத்து என் பிளாக்குக்கு லிங்க் வாங்கிப் போட்டார். ஒன்று சமையல் குறிப்பு, ஒன்று ராசிபலன், இன்னொன்று ரிங்டோன். மூன்று மாதம் வருகை ஏறியது. நான்காவது மாதம் ஒரேயடியாக விழுந்தது. என் கடைப் பெயரை அப்படியே தட்டினால்கூட என் பிளாக் வரவில்லை. போன் போட்டால், "கூகுள் அல்காரிதம் மாறிடுச்சு சார்" என்றார்.

எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று கூகுள் முடிவு செய்யும் முறை மாறியது உண்மைதான். ஆனால் மாறி அப்போதே ஆறேழு வருடம் ஆகியிருந்தது. உள்ளடக்கம் இல்லாத பக்கங்களைக் கீழே தள்ளும் பாண்டா என்ற மாற்றம் 2011-ல் வந்தது. காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளைக் குறிவைத்த பெங்குவின் 2012-ல் வந்தது. தேடுபவரை உள்ளே இழுப்பதற்காக மட்டும் வாசல் பக்கங்கள் வைத்திருந்தார்கள் என்று, பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே 2006-ல் கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியிருக்கிறது. பிஎம்டபிள்யூவுக்கே அந்தக் கதி என்றால் கூடுவாஞ்சேரி புரோக்கர் எம்மாத்திரம்? நாற்பதில் முப்பத்தைந்து பக்கங்களை அழித்தேன். எனக்குச் சொல்ல ஏதாவது இருந்த ஐந்து ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதினேன். பழைய நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

சரி, அப்படியானால் என்ன எழுதுவது?

"சென்னையில் 2 பிஎச்கே" என்று தேடினால் மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்ற பெரிய வீடு-மனை விளம்பரத் தளங்கள்தான் மேலே நிற்கும். அவர்களிடம் பல்லாயிரம் விளம்பரங்கள் இருக்கின்றன. அந்தச் சண்டைக்கு நாம் போகவே கூடாது. நமக்கான தேடல்கள் நீளமானவை, கொஞ்சம் பயத்தோடு தட்டப்படுபவை. "கூட்டுப் பட்டாவில் இருக்கும் மனையை வாங்கலாமா?" "பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் கிரயம் செல்லுமா?" "தாய்ப்பத்திரம் தொலைந்துவிட்டது, என்ன செய்வது?" முப்பது லட்சம் கடன் வாங்கப் போகிறவர் ராத்திரி தூக்கம் வராமல் தேடுவது இதைத்தான். உங்கள் போனை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் கூப்பிட்டவர்கள் கேட்ட கேள்விகளை எழுதிப் பாருங்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தலைப்பு வையுங்கள். ஆட்கள் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறார்கள் என்று சொல்லும் கீவேர்ட் கருவி எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம், எந்த வார்த்தையைத் தட்டி ஆட்கள் உங்களிடம் வந்தார்கள் என்று அதுவே காட்டும்.

அதில் எனக்குத் தெரியவந்த வேடிக்கை ஒன்று. "பிளாட்" என்று தட்டுகிறவர்களில் பாதிப் பேர் மனை தேடுகிறார்கள், மீதிப் பேர் அடுக்குமாடி வீடு தேடுகிறார்கள். மனைக்கான plot, அடுக்குமாடி வீட்டுக்கான flat, தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அன்றிலிருந்து நான் மனை என்றும் அபார்ட்மென்ட் என்றும் பிரித்தே எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களும் நிறைய. அதற்காகக் கட்டுரைக்குள் அதே சொல்லை இருபது விதமாகத் திணிக்க வேண்டாம், படிக்கிறவர் ஓடிவிடுவார்.

பொதுவான விளக்கம் எழுதினால் இனி பெரிதாகப் பயன் இருக்காது என்பது என் கருத்து. வில்லங்கச் சான்று என்றால் என்ன என்பதை கூகுளே இப்போது மேலே நாலு வரியில் சொல்லிவிடுகிறது, யாரும் கீழே இறங்கி வருவதில்லை. உங்கள் ஊரில் கால் பதித்து நின்றால் மட்டும் தெரிகிற விஷயம் வேண்டும். எங்கள் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். செங்கல்பட்டு 2019-ல் தனி மாவட்டமானது. கூடுவாஞ்சேரியின் பழைய பத்திரங்களில் காஞ்சிபுரம் மாவட்டம், செங்கல்பட்டு வட்டம் என்று இருக்கும். பத்திரத்தைப் பார்த்து அப்படியே இணையத்தில் பட்டா தேடினால் கிடைக்காது. செங்கல்பட்டு மாவட்டம், வண்டலூர் வட்டம் என்று போக வேண்டும். "பட்டா காணோம், ஏமாற்றிவிட்டார்கள்" என்று பதறிப்போய் என்னிடம் வந்தவர்கள் பல பேர். இதை ஒரு சின்னப் பதிவாகப் போட்டேன், அரை மணி நேர வேலை. இன்று வரை என் பிளாக்கில் அதிகம் பேர் படிப்பது அதுதான். அதில் நான் எதையும் விற்கவில்லை.

இன்னொன்று, பிளாக்கில் போட்ட பழைய பதிவுகளைத் திருத்துவது. இதை யாரும் செய்வதில்லை. 2017 ஜூனில் அரசு, பத்திரப் பதிவுக்குத் தான் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலையான வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏற்றியது. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்தால் பத்திரச் செலவு 11 சதவீதம். 2019-ல் நான் எழுதிய பதிவில் அப்படித்தான் இருந்தது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழையபடி உயர்த்தி, பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள், மொத்தம் 9 சதவீதம். அந்த மே மாதம் ஒருவர் என் பழைய பதிவின் பிரிண்ட் அவுட்டோடு வந்து, "இப்ப ரெண்டு பெர்சென்ட் மிச்சம்தானே சார்" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் சதுர அடி 1,000 ரூபாயாக இருந்த மதிப்பு 2017-ல் 670 ஆனது. அதற்கு 11 சதவீதம் 73 ரூபாய் 70 காசு. மறுபடி 1,000 ஆனபிறகு 9 சதவீதம் 90 ரூபாய். வழிகாட்டி மதிப்புக்கே பதிவு செய்தால், 1,200 சதுர அடி மனைக்கு 88,440 ரூபாய் ஆகியிருக்க வேண்டிய செலவு 1,08,000 ஆகிறது. வீதம் குறைந்திருக்கிறது, செலவு கூடியிருக்கிறது. அவர் முகம் வாடிவிட்டது. கையில் எடுத்து வைத்திருந்த பணத்தில் இருபதாயிரம் இடிக்கிறது, அதற்கு என் பழைய பதிவும் ஒரு காரணம். அன்று இரவே உட்கார்ந்து திருத்தி, எந்தத் தேதியில் எதை மாற்றினேன் என்று மேலேயே எழுதினேன். உள்ளே ஒரு எழுத்தையும் தொடாமல் தேதியை மட்டும் மாற்றிப் புதுசு போலக் காட்டுகிறவர்களும் உண்டு. லிங்க் வாங்குவதைவிட அது மோசம் என்பேன்.

இனி நேர்மை என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் பாதி சட்டமே சொல்லிவிட்டது. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டப்படி, அதாவது நாம் ரெரா என்கிறோமே அதன்படி, ஏஜென்ட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். 500 சதுர மீட்டருக்கு, சுமார் 12 சென்ட்டுக்கு மேற்பட்ட புது மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தக் கூடாது. "நான் விளம்பரம் போடலையே, பிளாக்கில் சும்மா எழுதினேன்" என்று தப்பிக்க முடியாது. எந்த ஊடகத்தில் வந்தாலும் அது விளம்பரம்தான் என்கிற அளவுக்கு அந்தச் சட்டத்தில் வரையறை அகலமானது. பதிவாகாத திட்டத்தை ஏஜென்ட் விற்றுக் கொடுத்தால் தவறு தொடரும் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், விற்ற சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். நம் கமிஷன் மொத்தமும் போய் மேலேயும் கட்ட வேண்டிவரும்.

சட்டம் தொடாத மீதிப் பாதிதான் கஷ்டம். விற்றுப்போன மனையின் படத்தை நீக்காமல் வைத்திருப்பது, "அது போயிடுச்சு, பக்கத்திலேயே இன்னொண்ணு இருக்கு" என்று சொல்வதற்காக. நம் தொழிலில் எல்லோரும் செய்வது இது. நானும் செய்திருக்கிறேன். இப்போது விற்றால் அன்றே "விற்றாகிவிட்டது" என்று பதிவின் மேலே போடுகிறேன், அந்தப் பக்கத்தை அழிப்பதில்லை. விலை என்ன சொல்லியிருந்தோம் என்று வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும். மச்சான், மாமனார், டீக்கடைக்காரர் என்று ஆள் பிடித்து கூகுளில் ஐந்து நட்சத்திரம் போடவைப்பது இன்னொன்று. மனை பிரித்து விற்கும் புரமோட்டர் காசு கொடுத்து எழுதச் சொன்னால், காசு வாங்கியதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அவர் தளத்துக்குப் போடும் லிங்க்கில் ஸ்பான்சர்ட் என்ற குறியும் இருக்க வேண்டும், கூகுள் 2019-ல் அதற்கென்றே ஒரு குறி கொண்டுவந்தது. நான் அப்படிப் போடுவேன் என்றதும் இரண்டு புரமோட்டர்கள் வேண்டாம் என்று போய்விட்டார்கள். போகட்டும்.

"கிளாம்பாக்கத்திலிருந்து பத்தே நிமிடம்" என்ற விளம்பர வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள எல்லா மனையும் அங்கிருந்து பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது! ராத்திரி இரண்டு மணிக்கு பைக்கில் போனால் ஒருவேளை சரியாக இருக்கும். காலை எட்டரைக்கு வண்டியில் போய் எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து அதை எழுதுங்கள். எழுதுகிறவர் ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்கள் எழுதுவது பொய் என்று தானாகத் தெரிந்துவிடும்.

காசு கொடுத்துப் போடும் கூகுள் விளம்பரம் தப்பா என்றால், இல்லை. அதன் மேலேயே ஸ்பான்சர்ட், அதாவது விளம்பரம், என்று எழுதியிருக்கிறது, யாரையும் ஏமாற்றவில்லை. 2018-லிருந்து தமிழிலும் போட முடிகிறது. நான் கொஞ்ச நாள் போட்டேன். வாடகைக்கு வீடு தேடுகிறவர்களும் ரியல் எஸ்டேட்டில் வேலை தேடுகிறவர்களும் கிளிக் செய்து காசு கரைந்தது. வாடகை, லீஸ், வேலை போன்ற சொற்களுக்கு விளம்பரம் வரக்கூடாது என்று முதல் நாளே பூட்டிவிடுங்கள். விளம்பரத்தில் எந்த மனையைச் சொல்கிறீர்களோ, கிளிக் செய்தால் அந்த மனை கண்ணில் பட வேண்டும். வேறொன்றும் பெரிய சூத்திரம் இல்லை.

கடைசியாக, எனக்கு அதிகம் திட்டு வாங்கிக் கொடுத்த பதிவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஒருபடி மேலே போய், எங்கள் வட்டாரத்தில் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டு எழுதினேன். இடுப்பளவு, முழங்கால் அளவு என்று சுவரில் இருந்த கறையைப் படமும் எடுத்துப் போட்டேன். சக புரோக்கர்கள் கொதித்துவிட்டார்கள். "உன் கஞ்சியில நீயே மண்ணு போட்டுக்கிறே" என்றார் ஒருவர், என்னைவிட மூத்தவர். வீட்டுக்காரர் ஒருவர் தன் தெருப் பெயரை எடுக்கச் சொன்னார். தண்ணீர் வரவில்லை என்று எழுதித் தாருங்கள், அதையும் போடுகிறேன் என்றேன். தரவில்லை. என் கையிலிருந்த இரண்டு மனைகளும் அந்தப் பட்டியலில் இருந்த தெருவில்தான். அவற்றை விற்க ரொம்ப நாள் ஆயிற்று, விலையும் குறைந்தது.

அந்தப் பதிவைப் படித்துவிட்டு துபாயிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஊரப்பாக்கத்தில் ஒரு மனையை அட்வான்ஸ் கொடுக்கிற கட்டம் வரை கொண்டுபோனேன். ஈசியில், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில், வில்லங்கம் எதுவும் இல்லை. ஆனால் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பதிவாகாத உயிலும் பெரும்பாலும் ஈசியில் வராது. அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, அண்ணன் தங்கைக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடப்பது தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதில் எனக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. போன மாதம் அவர் தன் சகலையைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மனை வேண்டுமாம். நந்திவரத்தில் ஒன்று பார்த்திருக்கிறோம். இன்னும் முடியவில்லை, முப்பது வருட ஈசிக்கு மனுப் போட்டிருக்கிறேன்.