நாயகனுக்கு ஏன் வீடு இல்லை?

கேள்வி: எனக்கு 33 வயது. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நாலு வருடம் மூன்று மாதமாக வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. நாலு வயதில் மகள். இரண்டு வருடமாக இரவுகளில் உட்கார்ந்து 'ரென்பை' என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு விஷுவல் நாவல் கேம், அதாவது படமும் வசனமுமாகக் கதைபோலப் படித்து விளையாடுவது, செய்துவருகிறேன். அலுவலக வாழ்க்கைதான் கதை. மேனேஜர், அப்ரைசல், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் உண்டு. விளையாடுகிறவர் எடுக்கும் முடிவைப் பொறுத்துக் கதை மாறும். முதலில் நாயகனுக்கு மனைவி, குழந்தை வைத்திருந்தேன். கதை பிரியும் கிளைகள் பெருகிக்கொண்டே போனதால் எடுத்துவிட்டேன். இப்போது அவன் ரூம் எடுத்துத் தனியாக இருப்பவன். வேலையை விட்டால் ஆறு மாதத்தில் கேமை முடித்துவிடுவேன். ஆனால் மனைவிக்கு இதெல்லாம் புரியவில்லை. அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கிறேன், கடை வைக்கிறேன், எழுதப்போகிறேன் என்று எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். வீட்டில் புரிந்துகொள்ளவில்லை, எப்படிச் சம்மதிக்க வைப்பது? அதற்கு நான் வழி சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தில் வேறொரு வரி இருக்கிறது. கிளைகள் பெருகியதால் மனைவியையும் குழந்தையையும் எடுத்துவிட்டேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கிளை பெருகும் என்பது உண்மைதான். இரண்டு பதில் உள்ள கேள்விகளாகப் பத்து வைத்து, பிரிந்த கதையை எங்கேயும் சேர்க்காமல் விட்டால் 1024 முடிவுகள் எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த வகைக் கேம் எழுதுகிறவர்கள், பிரிந்த கதையைக் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி ஒன்று சேர்த்துவிடுகிறார்கள். விளையாடுகிறவர் என்ன முடிவு எடுத்தார் என்பதை மட்டும் ஒரு வேரியபிளில், அதாவது கேம் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு குறிப்பில், வைத்துக்கொண்டு, பின்னால் தேவையான இடத்தில் ஒரு வசனத்தையோ ஒரு முகபாவத்தையோ மாற்றுகிறார்கள். ரென்பையில் அதற்கு இரண்டு மூன்று வரி போதும். இரண்டு வருடம் அதில் வேலை செய்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. மேனேஜரின் கோபத்துக்கும் நண்பனின் நம்பிக்கைக்கும் இப்படித்தான் புள்ளிக்கணக்கு வைத்திருப்பீர்கள். மேனேஜருக்குக் கொடுத்த அந்த வேரியபிளை மனைவிக்கு ஏன் கொடுக்கவில்லை?

அவர் இருந்தால் உங்கள் நாயகன் நினைத்ததை நினைத்தபடி செய்ய முடியாது. எனக்குத் தெரிந்து அதுதான் காரணம்.

ஒரு காட்சி சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேனேஜர் வந்து, "நாளைக்கு வர முடியுமா?" என்கிறார். தனி ரூமில் இருப்பவனுக்கு அது வெறும் ரோஷக் கேள்வி. வருகிறேன் என்றால் அடிமை, முடியாது என்றால் வீரன், அவ்வளவுதான். மறுநாள் மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கும் அப்பாவுக்கு அது அப்படி இல்லை. போனால் ஒரு வாக்கு தவறும். போகாவிட்டால், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் அப்ரைசல் அடிபடலாம். மனைவியிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பது அதற்கடுத்த கேள்வி. அலுவலகத்தில் நம் வாய் ஏன் அடைத்துப்போகிறது என்பதற்குப் பாதி விடை வீட்டில்தான் இருக்கிறது. அதிகாரிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். கடன் தவணை கட்டுகிறவரிடம் பேசும் குரலும், கட்ட வேண்டியது எதுவும் இல்லாதவரிடம் பேசும் குரலும் ஒன்றாக இருக்காது. வீட்டை எடுத்துவிட்டு அலுவலக வாழ்க்கையைச் சொல்கிறேன் என்கிறீர்கள். உங்கள் நாயகன் ராஜினாமா கடிதத்தை மேசையில் வைக்கும்போது விளையாடுகிறவருக்கு என்ன பதறும்? யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

இதே வேலையை உங்கள் கடிதத்திலும் செய்திருக்கிறீர்கள். மனைவிக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் என்னதான் சொன்னார்? ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆறு மாதம் யார் சம்பளத்தில் வீடு நடக்கும் என்றும் எழுதவில்லை. இரண்டு வருடமாக இரவுகளில் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தக் குழந்தையைத் தூங்க வைத்தது யார்? காலையில் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய ஆசிரியை. உங்கள் கேம் இந்த அளவுக்கு வளர்ந்ததே அவர் கொடுத்த நேரத்தில். அவருக்குப் புரியவில்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

குடும்பத்துக்கு வரும் பணம் யார் பெயரில் வந்தாலும் அது இரண்டு பேருடையது. அதை நிறுத்தும் முடிவும் இரண்டு பேருடையது. ஒருவர் முடிவு செய்துவிட்டு மற்றவரைச் சம்மதிக்க வைப்பதற்குப் பெயர் கலந்து பேசுவது இல்லை. கல்யாணம் செய்துகொண்டவருக்கு, அதுவும் குழந்தை பெற்றவருக்கு, தன் விருப்பம் மட்டும் போதும் என்று சொல்லும் உரிமை கிடையாது. இது பழைய காலத்துப் பேச்சு என்று தோன்றினால் தோன்றட்டும்.

வேலையை இப்போது விடாதீர்கள். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடத் தொடர் பணி என்பதுதான் கிராஜுவிட்டிக்கான, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடைக்கான கணக்கு. அதற்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் வரும் பணம் அது, அதை ஏன் விடுகிறீர்கள்? அப்புறம், வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே செய்வதும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். கேமை வெளியிட்ட பிறகு அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் போட ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், விற்பனையில் 30 சதவீதம் அவர்களுக்குப் போய்விடும். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டில் இரண்டு பேருமாக உட்கார்ந்து பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மகளை நீங்கள் பார்த்துக்கொண்டு, மனைவியை உட்காரவைத்து, மவுஸை அவர் கையில் கொடுங்கள். பின்னால் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் தயங்குகிறார், எங்கே மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டித் திரும்பப் போய் வேறு பதில் எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். முடிந்ததும், நாயகனுக்கு ஒரு குடும்பம் இருந்து நீங்கள் எடுத்துவிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு எனக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.