12 மரமா 120 மரமா?

கேள்வி: அண்ணாச்சி, புராஜெக்ட்டுக்காக எங்க ரப்பர் தோட்டத்துல 105-ங்கிற ரப்பர் ரகத்துல 12 மரம், 414-ங்கிற ரகத்துல 12 மரம் எடுத்து 10 வெட்டுக்கு சிரட்டைல விழுந்த பாலை அளந்தேன். மரத்துக்கு சராசரி 105-ல 144 மில்லி, 414-ல 165. திட்ட விலக்கம் (மரத்துக்கு மரம் இருக்குற ஏற்ற இறக்கம்) 27, 42. கூட படிக்கிறவ 12-ஐ 10-ஆல பெருக்கி 120-னு போடச் சொல்றா, போட்டா டி டெஸ்ட்டுல (ரெண்டு சராசரிய ஒப்பிடுற சோதனை) பி மதிப்பு ரொம்ப சின்னதா வருது. சரியா?
- மாணவி, குலசேகரம்

பதில்: போடாதே மக்ளே. நல்லா பால் தர்ற மரம் 10 வெட்டுலயும் நல்லாத்தான் தரும், அதை 10 தடவ அளந்துட்டா 10 மரம் ஆயிடாது. டி டெஸ்ட் கேக்குறது ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத அளவுகள, அதனால மரத்துக்கு ஒரு சராசரி, பக்கத்துக்கு 12, அவ்வளவுதான். சின்ன எண்ணிக்கைன்னு பயப்படாதே, டப்ளின் கின்னஸ் பீர் ஆலைல வேல பாத்த காசெட் 1908-ல 'ஸ்டூடன்ட்'ங்கிற புனைபேர்ல இந்த முறைய எழுதினதே சின்ன எண்ணிக்கைக்காகத்தான்.

இப்ப உன் கணக்கு. 27, 42 ரெண்டையும் வர்க்கமாக்கி 12-ஆல வகுத்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 14.4 வரும், வித்தியாசம் 21-ஐ அதால வகுத்தா டி 1.46. உனக்கு டி 2.1 தாண்டினாதான் வித்தியாசம் இருக்குன்னு 5 சதவீத மட்டத்துல பேச முடியும். பி சுமார் 0.16, அதாவது ரெண்டு ரகமும் ஒரே சராசரின்னு வச்சுக்கிட்டாலும் இவ்வளவு வித்தியாசமோ இதுக்கு மேலயோ தற்செயலா வர 100-க்கு 16 வாய்ப்பு இருக்கு.

அதுக்காக "வித்தியாசமே இல்ல"ன்னு எழுதிடாதே, நெறைய ரிப்போர்ட்ல இதத்தான் தப்பா எழுதுறாங்க, பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. உண்மையான வித்தியாசத்துக்கான 95 சதவீத நம்பக இடைவெளி மைனஸ் 9-ல இருந்து 51 மில்லி வரைக்கும் போகுது, 414 நல்லாவே கூடுதலா இருக்கலாம், 12 மரத்த வச்சு உறுதியா சொல்ல முடியல, அவ்வளவுதான் அர்த்தம். பக்கத்துக்கு 48 மரம் எடுத்து இதே வித்தியாசம், இதே விலக்கம் வந்தா டி 2.9 ஆயிடும்.

27-உம் 42-உம் சமமா இல்லாததால 1947-ல வெல்ச் சொன்ன முறைதான் உனக்கு சரி, எக்செல் T.TEST-ல டைப் 3.

ரெண்டு பக்கமும் ஒரே ஆளா வெட்டினாரு? ஆள் மாறினா பாலும் மாறும், அத எந்த டெஸ்ட்டும் பிரிச்சுக் காட்டாது, அதனால யாரு எந்தப் பக்கம் வெட்டினாங்கன்னு ரிப்போர்ட்ல கட்டாயம் எழுது.