நாற்பது ஏக்கரும் ஒரு வாளியும்

அன்புள்ள அண்ணாச்சி,

'40 ஏக்கர்ஸ்' படம் பார்த்தேன். உலகம் அழிந்தபின் கனடாவில் ஒரு குடும்பம் வேலி போட்டு, துப்பாக்கியோடு நின்று, மனிதரைத் தின்னும் கும்பலிடமிருந்து தன் பண்ணையைக் காக்கிறது. எங்களுக்கு இருப்பது 40 சென்ட் ரப்பர். விற்றுவிடலாம் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தவன், படம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். நண்பர்கள் இதை வெறும் அடிதடிப் படம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், குலசேகரம்

அன்புள்ள தம்பி,

அடிதடிப் படம்தான். அதில் என்ன குறை? அம்மாவாக வரும் டேனியல் டெட்வைலர் நிற்கிற நிற்பு ஒன்றே போதும். நான் தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன்.

1865 ஜனவரியில், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். விடுதலையான கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம். 'நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' என்ற பேச்சு அப்படி வந்ததுதான். அந்த வருடமே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். படத்துக் குடும்பத்தின் முன்னோர் 1875இல் கனடாவுக்குக் குடிபோனவர்கள். அந்த அம்மா வேலியை விட்டு நகராததற்கு நரமாமிசக் கும்பல் மட்டுமா காரணம்? (கழுதைக்கும் வழியில்லை, பூஞ்சை நோயில் விலங்குகளெல்லாம் செத்துவிட்டன. "அப்போ எருவுக்கு என்ன செய்வாங்க?" என்று கேட்டாள் என் மனைவி.)

அதே 1865இல்தான் திருவிதாங்கூரில் பண்டாரவகைப் பாட்டப் பிரகடனம் வந்தது. அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வைத்திருந்தவர்களுக்கு அது சொந்தமாயிற்று. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டக்காரர்களான நாமும் அந்தப் பக்கம்தானே. உங்கள் மூலப்பத்திரம் மலையாளத்தில் இருந்தாலும் இருக்கும். ஆனால் கிடைத்தது பாட்டக்காரர்களுக்கு. 1855இல் இங்கேயும் அடிமைமுறையை ஒழித்தார்கள். விடுதலையானவர்களுக்கு 40 சென்ட் தருவதாகக்கூட யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் பிடுங்க வேண்டிய வேலையும் இருக்கவில்லை.

எனக்குள்ள வருத்தம் வேறு. படத்தில் வேலி தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெரியவில்லை. தாத்தாவின் வயல் அனந்தனாறு சானலின் கடைவரம்பில் இருந்தது. பேச்சிப்பாறை அணை திறந்து நாள்கணக்கானாலும் எங்கள் மடையில் ஈரம் இருக்காது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி கரையோரமாக மேலே நடப்பார். யாரோ வாழைத்தடையும் சாக்கும் வைத்து அடைத்திருப்பார்கள். பெரிய சண்டை நடக்கும். அறுப்பு வந்தால் அதே ஆட்கள்தான் அரிவாளோடு வந்து நிற்பார்கள். மேல்மடைக்காரனைச் சுட்டுவிட்டு யார் கன்னிப்பூ நெல் விளைவிப்பது? படத்தில் மகன் வெளியிலிருந்து வந்த பெண்ணை ஒளித்து வைக்கிறானே, அங்கேதான் கதைக்கு மூச்சு வருகிறது.

ஒக்கி புயல் ஞாபகம் இருக்கிறதா? 2017 நவம்பர் கடைசி. வாழையும் ரப்பரும் சாய்ந்து, கரண்ட் போய், செல்போனும் செத்துக் கிடந்தது. எங்கள் தெருவில் எல்லாக் கிணற்றுக்கும் மோட்டார். கயிறும் வாளியும் இருந்தது ஒரே வீட்டில், அவர்களோடு எங்களுக்கு வரப்புத் தகராறு, ஏழு வருடமாகப் பேச்சில்லை. இரண்டாம் நாள் காலையில் அந்த அக்கா வாளியை மதில்மேல் வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். கரண்ட் வந்ததும் கொண்டு கொடுத்தேன். "அங்கயே கிடக்கட்டு" என்றார்.

வரப்புத் தகராறு இன்னும் தீரவில்லை. வாளி எங்கள் கிணற்றடியில்தான் இருக்கிறது.