320 குடும்பங்கள் உள்ள எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் நிலையை எப்படி மதிப்பிடுவது? புது ஆலயம் கட்டலாமா?

தென் மாவட்டத்துச் சிறுநகரச் சபை. பதிவேட்டில் 320 குடும்பம். கிறிஸ்துமஸுக்கு வாசல் தாண்டிக் கூட்டம். சாதாரண ஞாயிறில் பின் பெஞ்சுகள் காலி. கமிட்டியில் பாதிப் பேர் பழைய ஆலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டச் சொல்கிறார்கள். உங்கள் கேள்வியில் உள்ள நிலவரம் இது. கட்டடப் பேச்சை ஒரு வருடம் ஒத்திவையுங்கள். அந்த வருடத்தில் ஆட்களை எண்ணுங்கள், வீடுகளுக்குப் போங்கள். பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கும் பெஞ்சில் உட்காரும் ஆட்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, அதில் இருப்பவர்கள் யார் யார் என்று பெயர் பெயராகத் தெரிந்துவிட்டால், அடுத்த ஐந்து வருடத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் முக்கால்வாசி தெளிவாகிவிடும்.

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறே 1780இல் குளோரிந்தா என்ற பெண் முதலான 40 பேரின் பெயர்ப் பட்டியலோடுதான் தொடங்குகிறது. பெயர் எழுதி வைப்பது நமக்குப் பழைய வழக்கம். எழுதியதைத் திருத்தி வைப்பதில்தான் தவறுகிறோம்.

320 குடும்பம் என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். சென்னையிலோ துபாயிலோ இருபது வருடமாக இருக்கும் குடும்பம்கூடச் சொந்த ஊர்ச் சபையில் சங்கம் (சபைச் சந்தா) கட்டிக்கொண்டிருக்கும். கல்லறைத் தோட்டத்தில் இடம், பிள்ளையின் கல்யாணத்துக்குச் சபைக் கடிதம், தேர்தலில் ஓட்டு, ஊர்ப்பாசம் என்று காரணங்கள் உண்டு. அதில் தப்பில்லை, ஆனால் திட்டத்துக்கு அந்த எண் உதவாது. குடும்ப அட்டைகளை மூன்றாகப் பிரியுங்கள்: இங்கேயே குடியிருப்பவர்கள், வெளியூரில் இருந்து சங்கம் செலுத்துபவர்கள், பெயர் மட்டும் இருப்பவர்கள். யார் பெயரையும் அடிக்க வேண்டாம், பென்சிலில் ஒரு குறி போதும். திருமண்டலத் (ஒரு பிஷப்பின் கீழுள்ள சபைகளின்) தேர்தல் நெருங்கும் ஆண்டில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். வாக்காளர் பட்டியலில் கை வைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அதன்பின் எந்த வீட்டிலும் உண்மையான தகவல் கிடைக்காது.

அடுத்தது தலை எண்ணுவது. ஜூலை முதல் செப்டம்பர் வரை எண்ணுங்கள். மே மாதம் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்களால் நிறையும். தபசு காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) வழக்கத்தைவிட அதிகம் பேர் வருவார்கள். டிசம்பர் கணக்கு எதற்கும் ஆகாது. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு முறை எண்ண வேண்டும்: ஆராதனை தொடங்கும்போது ஒன்று, பிரசங்கம் தொடங்கும்போது ஒன்று. ஆண்கள், பெண்கள், 15 முதல் 30 வயது வரை உள்ளவர்கள், சிறுபிள்ளைகள் என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஓய்வுநாள் பள்ளி (பிள்ளைகளின் ஞாயிறு வேத வகுப்பு) அதே நேரத்தில் வேறு அறையில் நடந்தால் அங்கேயும் ஒருவர் நிற்க வேண்டும். திருவிருந்து (நற்கருணை) ஞாயிறையும் அறுப்பின் (அறுவடை) பண்டிகையையும் தனியாக எழுதுங்கள். மீதி ஞாயிறுகளின் எண்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி போட்டால் ஒரே ஒரு கூட்டமான ஞாயிறு மொத்தக் கணக்கையும் தூக்கிவிடும்.

திருவிருந்து ஞாயிறுக்கும் சாதாரண ஞாயிறுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்துப் பாருங்கள். திருவிருந்துக்கு 260 பேர், மற்ற ஞாயிறில் 150 பேர் என்றால், அந்த 110 பேர் சபையை விட்டுப் போனவர்கள் அல்ல. மாதம் ஒருமுறை வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இவர்களை அழைப்பதும், வருடக்கணக்காக வராதவர்களைத் தேடிப் போவதும் வேறு வேறு வேலைகள்.

பிறகு பழைய பதிவேடுகளை எடுங்கள். கடந்த பத்து வருடத்தில் ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை அறிக்கையிட்டு உறுதிசெய்வது), விவாகம், அடக்கம், வேறு சபையிலிருந்து கடிதத்தோடு வந்தவர்கள், கடிதம் வாங்கிப் போனவர்கள் என்று வருடவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். ஞானஸ்நானத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் பிரித்து எழுத வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. பிள்ளைப்பேற்றை மட்டும் நம்பி இருக்கும் சபை சுருங்கத்தான் செய்யும். அடக்கம் ஞானஸ்நானத்தைத் தாண்டியிருந்தால் அதைக் கமிட்டியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இந்தத் தாளில் இன்னொன்றையும் கண்டுபிடிக்கலாம். பதினைந்து வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை எடுத்து, அண்மையில் திடப்படுத்தல் பெற்றவர்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அன்று 14 பெயர், இன்று அதில் 8 பெயர் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறு பேரில் மூன்று குடும்பம் ஊர் மாறியிருக்கலாம், இரண்டு பேர் பக்கத்துச் சுயாதீன சபைக்குப் போயிருக்கலாம், ஒரு பையன் வீட்டிலேயே இருந்துகொண்டு வகுப்புக்கு வராமல் இருந்திருக்கலாம். ஊர் மாறியவர்களை நீங்கள் தடுக்க முடியாது. மற்ற மூன்று பேரைப் பற்றி யாருமே விசாரிக்கவில்லை என்றால் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

பணத்தில் மொத்த வரவைப் பார்க்காதீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலம், அசனத்துக்கு (சபையின் பொது விருந்து) வந்த நன்கொடை, வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று தந்த பெருந்தொகை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். சங்கம், ஞாயிறு காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை ஆகியவை மட்டும் நிற்கட்டும். அதில் இரண்டு கேள்வி கேளுங்கள். வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஏதாவது செலுத்திய வீடுகள் எத்தனை? அதிகம் கொடுக்கும் பத்து வீடுகளின் பங்கு எவ்வளவு? பாதி வரவு பத்து வீட்டிலிருந்து வருகிறது என்றால் சபையின் முடிவுகளும் அந்தப் பத்து வீட்டிலேயே எடுக்கப்படும். ஒரு மனஸ்தாபம் வந்தால் சபை ஊழியரின் சம்பளமே நிற்கும். செலவுப் பக்கத்தில், சொந்த வளாகத்துக்கு வெளியே, அதாவது மிஷனெரிகளுக்கும் ஏழைகளுக்கும், எத்தனை சதவீதம் போகிறது என்று பாருங்கள். 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தை இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையோடு தொடங்கியவர்கள் திருநெல்வேலிச் சபையார். கையில் அதிகம் இல்லாத காலம் அது. அந்தச் சதவீதம் வருடாவருடம் குறைந்துகொண்டே வந்தால் எனக்கு அது வருகைக் குறைவைவிடக் கவலை தரும் அறிகுறி.

யார் வேலை செய்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கம், காணிக்கை எண்ணுவது, வேதபாடம் வாசிப்பது என்று எல்லாப் பொறுப்பையும் வரிசையாக எழுதி எதிரே பெயர் போட்டால், அறுபது பொறுப்பைப் பதினைந்து பேர் சுமப்பது தெரியவரும். ஓய்வுநாள் பள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சபைகளில் பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் 18 முதல் 24 வயதுப் பெண்கள். கல்யாணமானதும் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பின் யார் என்று யோசிக்காததால்தான் மூன்று வகுப்புகள் ஒரே வகுப்பாகச் சுருங்குகின்றன. பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், கூடவே பயிற்சியில் இருக்கும் துணை ஆசிரியர் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. துணை ஆசிரியர்களில் பாதிப் பேராவது திருமணமாகி ஊரிலேயே இருப்பவர்களாக இருக்கட்டும்.

எண்கள் கிடைத்தபின் வீடுகளுக்குப் போங்கள். ஓர் ஆண், ஒரு பெண் என இருவர். கமிட்டியில் எந்த அணியையும் சேராதவர்கள். ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம். கையில் ரசீதுப் புத்தகம் இருக்கவே கூடாது. சந்தாப் பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் சந்திப்பு அங்கேயே முடிந்துவிடும். பல வீடுகள் ஆலயத்துக்கு வராமல் இருப்பதற்குப் பாக்கி வைத்த கூச்சமே காரணம். கேட்க வேண்டியவை சில கேள்விகள்தான்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாகக் குருவானவரோ சபை ஊழியரோ எப்போது வந்தார், ஞாயிறு காலை வர என்ன சிரமம், பிள்ளைகளுக்குச் சபையில் நண்பர்கள் உண்டா, எதற்காக ஜெபிக்க வேண்டும். ஜவுளிக்கடையில் ஞாயிறும் வேலை, படியேற முடியாத முழங்கால், கழிப்பறை இல்லாதது, பேச்சு புரியாத ஒலிபெருக்கி, வேறு மதத்தில் கல்யாணம் செய்த மகளைப் பற்றி யாரோ சொன்ன சொல் என்று பதில்கள் வரும். சரிவுப்பாதையும் கழிப்பறையும் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. அவற்றை உடனே செய்துவிடுங்கள், கேட்டதைச் செய்கிறார்கள் என்ற நம்பிக்கை பிறக்கும்.

சாதியைப் பற்றிக் கேட்காமல் இந்த ஆய்வு முழுமையாகாது. எந்தத் தெருவிலிருந்து கமிட்டிக்கு ஆள் வந்திருக்கிறார், எந்தத் தெருவிலிருந்து இதுவரை ஒருவர்கூட வரவில்லை, வீட்டு ஜெபம் எந்தத் தெருவில் நடந்ததே இல்லை, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம் என்று தெருவாரியாக எழுதிப் பாருங்கள். வராத தெருவுக்கு வராததற்குக் காரணம் இருக்கும். சபை அதை அறிந்தும் பேசாமல் இருந்திருக்கும். இதைச் சரி செய்யாமல் வளர்ச்சித் திட்டம் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

வீடுகளில் கேட்ட சொந்த விஷயங்கள் குருவானவரிடம் மட்டும் இருக்கட்டும். கமிட்டிக்குத் தொகுத்த எண்கள் போதும். வாட்ஸப் குழுவில் எதையும் போடாதீர்கள்.

இனி கட்டடம். பத்தடி பெஞ்சில் ஆறு பேர் நெருக்கமில்லாமல் உட்காரலாம். 40 பெஞ்சு என்றால் 240 இடம். ஆனால் ஐந்தில் நான்கு பங்கு நிறைந்ததுமே புதிதாக வருபவருக்கு இடமில்லாததுபோலத் தோன்றும். ஆகவே உங்கள் வரம்பு 190 பேர். சாதாரண ஞாயிறின் நடு எண் அதற்குக் கீழே இருந்தால் புது ஆலயம் தேவையில்லை. பண்டிகைக் கூட்டத்துக்கு வளாகத்தில் பந்தலும் நாற்காலியும் ஒரு திரையும் போதும். வரம்பைத் தாண்டினால் முதலில் இரண்டாம் ஆராதனையை ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். சேகரத்தில் (ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பில்) நான்கு கிளைச் சபைகள் இருந்தால் குருவானவரால் இரண்டையும் நடத்த முடியாது. சபை ஊழியரும் பயிற்சி பெற்ற சபையாரும் ஒன்றைத் தாங்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் உங்களுக்கு இடப் பற்றாக்குறையைவிட ஆள் பற்றாக்குறைதான் பெரிது.

அப்படியும் கட்டத்தான் வேண்டும் என்றால், சொத்து சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும் என்பதால் திருமண்டல அனுமதியில்லாமல் ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். புது வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சபையார் இந்தியக் குடியுரிமையோடு இருந்து தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் வரும். வாங்கும் முன் திருமண்டலக் கருவூலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி பெரும்பாலும் ஊருக்கு வெளியே புதுமனைகள் விழும் பக்கம் இருக்கும். வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டையும் குறித்துப் பாருங்கள். ஆலயத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரே வட்டாரத்தில் பதினைந்து வீடுகள் சேர்ந்திருந்தால் அங்கே வாராந்தர வீட்டு ஜெபம் தொடங்குங்கள். ஆறு மாதம் நின்றால் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி, அதன்பின் மாதம் ஒரு மாலை ஆராதனை. அந்த வட்டாரத்திலேயே பொறுப்பெடுக்கும் இருவர் வந்தபிறகு நிலம் பாருங்கள். முதலில் நிலத்தை வாங்கிப் பலகை நட்டுவிட்டு ஆள் தேடிய இடங்களில் முள்தான் வளர்கிறது. பக்கத்துச் சபையிலிருந்து வருபவர்களைப் பதிவேட்டில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அவர்களை வளர்ச்சிக் கணக்கில் சேர்த்தால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள்.

வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகளை அங்கேயுள்ள சபையோடு சேர்த்துவிடுங்கள். சங்கப் பணம் குறையும் என்று பயந்து கடிதம் கொடுக்கத் தயங்கினால் அவர்கள் இரண்டு சபைக்கும் இல்லாமல் போவார்கள்.

ஐந்தாண்டுத் திட்டத்தில் மூன்று வேலைக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் பெயர், தொகை, முடிக்கும் மாதம் வேண்டும். குருவானவர் இடையில் மாற்றலாகிப் போவார். வருகிறவர் முதல் மாதத்திலேயே தன் திட்டத்தைக் கொண்டுவருவார். அதனால் திட்டத்தைச் சபைப் பொதுக்கூட்டத்தில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்குங்கள். எண்ணிய தாள்கள், வரைபடம், பத்து வருடத் தாள் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் பதிவேடுகளோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.